சோறும் கோழியும் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து எங்கே?

கேள்வி: தென்காசி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். ஜூலி என்ற லேப்ரடாருக்கு மூன்று வயது, எடை 28 கிலோ, கருத்தடை செய்தாயிற்று. ராஜபாளையத்திலிருந்து வாங்கி வந்த குட்டி மணிக்கு நான்கு மாதம், 11 கிலோ. இரண்டுக்கும் வீட்டுச் சாப்பாடுதான். ஜூலிக்குத் தினமும் 200 கிராம் அரிசி, தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறி 300 கிராம், ஒரு கேரட், ஒரு சின்னக் கிண்ணம் தயிர், ஒரு ஸ்பூன் எண்ணெய். உப்பு போட்டால் முடி கொட்டும் என்பதால் போடுவதில்லை. ஆனாலும் முடி மங்கிவிட்டது, பாதத்தின் அடியில் தோல் தடித்து வெடிக்கிறது. மணிக்கு முன்கால் இரண்டும் மணிக்கட்டில் வளைகின்றன. மருந்துக் கடையில் கால்சியம் டானிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், மாட்டுக்குப் போடும் தாது உப்பில் ஒரு ஸ்பூன் கலந்துவிடச் சொல்கிறார். முட்டை ஓடு, கேழ்வரகு என்று இன்னும் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை, எவ்வளவு சேர்ப்பது?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, அரிசியையும் கறியையும் கிராமில் எழுதியிருப்பதுதான். ‘நல்லாத்தான் சாப்பிடுறான் டாக்டர்’ என்பதற்கு மேல் பெரும்பாலும் தகவல் கிடைப்பதில்லை. நீங்கள் கணக்கோடு எழுதியதால் நானும் கணக்கோடு சொல்லலாம்.

ஆனால் முதலில் மணி. அவன் விஷயம் காத்திருக்காது.

நாய்க்குட்டிக்கு மணிக்கட்டு வளைந்தால் உடனே எல்லாரும் சொல்வது ‘கால்சியம் குறைவு’. எப்போதும் அப்படி இல்லை. வேகமாக வளரும் குட்டிகளுக்கு, நல்ல தீனி சாப்பிட்டாலும், தசைநார்கள் எலும்போடு ஈடுகொடுக்க முடியாமல் மணிக்கட்டு மடங்குவதுண்டு. வழுக்குகிற டைல்ஸ் தரையில் வளர்ந்தால் இன்னும் அதிகம். மண் தரையில் விட்டு, தீனியைச் சீராக்கினால் பல குட்டிகளுக்குத் தானாக நேராகிவிடும். இன்னொரு காரணம்தான் பயப்பட வேண்டியது: எலும்பில்லாத கறியும் சோறும் மட்டுமே தின்று எலும்பு பலவீனமாவது. சாப்பாட்டில் கால்சியம் வராதபோது, ரத்தத்தில் அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ள, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை எடுக்கின்றன. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே இருக்கும், எலும்போ உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். ‘டெஸ்ட் நார்மல்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட குட்டி, கட்டிலிலிருந்து குதித்தபோது கால் முறிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனவே ரத்தப் பரிசோதனை போதாது, எக்ஸ்ரே வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்களுக்கு எட்டக்கூடிய தூரம்தான். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். தொட்டால் கத்துகிறானா, எழுந்திருக்கத் தயங்குகிறானா என்று கவனித்துச் சொல்லுங்கள். அதுவரை மாடிப்படி வேண்டாம், குதிக்க விடாதீர்கள், முன்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

சரி, எக்ஸ்ரே எடுக்கும்வரை முட்டை ஓடு போடலாமே என்று நினைப்பீர்கள். மணிக்கு அது சரிப்படாது. வளரும் குட்டியின் உணவில் 1000 கலோரிக்கு 3 கிராம் கால்சியம் இருக்க வேண்டும் என்பது நாய் உணவுக்கு நாங்கள் பின்பற்றும் அமெரிக்க அளவுகோல். வளர்ந்த நாய்க்கு 1.25 கிராம் போதும். மணி ஒரு நாளைக்குச் சுமார் 950 கலோரி தின்பான் என்றால் அவனுக்கு 2.8 கிராம். ஜூலிக்கு வேண்டியதோ 1.5 கிராம்தான். பாதி எடைகூட இல்லாத குட்டிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு! கால்சியத்தோடு நிற்பதில்லை, பாஸ்பரஸும் அவனுக்கு 1000 கலோரிக்கு 2.5 கிராம் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குகூட உங்கள் கறிச்சோற்றில் இல்லை. முட்டை ஓட்டில் கால்சியம் உண்டு, பாஸ்பரஸ் கிட்டத்தட்டக் கிடையாது. ஒன்றை மட்டும் ஏற்றினால் இரண்டின் விகிதம் கெட்டுவிடும்.

அதிகம் போனாலும் ஆபத்து. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியின் குடல், வேண்டாத கால்சியத்தைத் தடுக்கத் தெரியாதது. போட்டதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அளவுக்கு மேல் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு வலுக்கவில்லை, மூட்டுக் குருத்தெலும்பு கெட்டு, கால்கள் வளைந்தன. பெரிய இனக் குட்டிகளுக்கு மேல் எல்லை 1000 கலோரிக்கு 4.5 கிராம். ராஜபாளையம் நாயையும் நான் பெரிய இனமாகவே வைத்துக்கொள்வேன். 3-க்கும் 4.5-க்கும் நடுவே ஸ்பூனால் நிற்பது கஷ்டம்.

ஆகவே என் கட்சி இதுதான்: வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் எதிரி இல்லை, ஆனால் மணி ஒரு வயது தாண்டும்வரை அவனுக்கு அது வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்கானது, முழுமையான உணவு என்று பையில் அச்சிட்ட குட்டித் தீனிக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஆசைக்கு ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கு கறியோ முட்டையோ கொடுக்கலாம். அதற்கு மேல் டானிக், மாத்திரை, ஓட்டுத்தூள் எதுவும் கூடாது. தீனிப் பையிலேயே எல்லாம் அளந்து போட்டிருக்கிறார்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால், ராமையன்பட்டிக்குப் போகும்போது அங்குள்ள கால்நடை உணவியல் துறையில் மணிக்கென்று ஒரு சமையல் கணக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனி ஜூலி. அவளுக்கு வீட்டுச் சாப்பாடே போதும். அதில் என்ன இருக்கிறது என்று கூட்டிப் பார்ப்போம்.

200 கிராம் அரிசியும் 300 கிராம் கறியும் தயிர், கேரட், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1200 கலோரி. வீட்டோடு இருக்கும் கருத்தடை செய்த லேப்ரடாருக்குச் சரியான அளவு. அதில் கால்சியம்: கறியில் 30 மில்லிகிராம், அரிசியில் 20, கேரட்டில் 15 அல்லது 20, தயிரில் 125. ஆக மொத்தம் 200 மில்லிகிராமைத் தொடவே மூச்சு வாங்குகிறது. வேண்டியது 1500. பாஸ்பரஸோ கறியிலிருந்து மட்டுமே 600 மில்லிகிராம், மொத்தத்தில் 900 வரை வந்துவிடுகிறது. கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, இரண்டு மடங்குவரை கூடுதலாகவோ இருக்க வேண்டும். உங்கள் பாத்திரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே கிடக்கிறது. வீட்டில் சமைத்துப் போடுகிற நாய்கள் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். கறி நல்ல சாப்பாடு என்பது உண்மை. ஆனால் காட்டில் நாய் எலும்போடு தின்ற கறி அது, நாம் எலும்பை எடுத்துவிட்டுப் போடுகிறோம்.

1300 மில்லிகிராம் துண்டு விழுகிறது. இங்கேதான் முட்டை ஓடு வேண்டும். ஓடு கிட்டத்தட்ட முழுதும் கால்சியம் கார்பனேட். எடையில் 38 சதவீதம் கால்சியம். ஜூலிக்கு நாளொன்றுக்கு மூன்றரை கிராம் தூள் போதும். அதாவது வழித்துவிட்ட அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல். அதைச் சேர்த்தால் கால்சியம் 1500, பாஸ்பரஸ் 900. விகிதமும் சரியாகிவிடும். ஒரு முட்டையின் ஓடே ஐந்து கிராமுக்கு மேல் இருக்கும், ஆக வாரத்துக்கு ஐந்தாறு முட்டை ஓடு சேர்ந்தால் தாராளம்.

செய்முறையில் அவசரம் வேண்டாம். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். கோழிக் கழிவோடு வரும் சால்மோனெல்லா கிருமிக்காக இது. வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு மிக்சியில் அரையுங்கள். அரைத்ததும் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் வஸ்திரகாயம் என்பார்களே, அதேதான். விரலில் தேய்த்தால் நெருநெருவென்று இருக்கக் கூடாது. கரகரப்பாக இருந்தால் அப்படியே மலத்தில் வந்துவிடும், கணக்கெல்லாம் வீண். தூளைச் சாப்பாட்டோடு கலந்தே கொடுங்கள், தனியாக வாயில் போட வேண்டாம். முடிந்தால் நகை நிறுக்கிற மாதிரிக் குட்டித் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்பூன் கைக்குக் கை மாறும்.

டானிக் ஏன் போதாது என்று கேட்டால், லேபிளைத் திருப்பிப் படியுங்கள். 5 மில்லியில் 80 மில்லிகிராம் கால்சியம் என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூலியின் பள்ளத்தை நிரப்ப தினமும் 80 மில்லி ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று நாளில் பாட்டில் காலி. ஒரு மூடி ஊற்றிவிட்டு ‘கால்சியம் கொடுக்கிறேன்’ என்று நிம்மதியாக இருப்பதுதான் நடக்கிறது. மனிதர்களுக்கான 500 மில்லிகிராம் மாத்திரைகளில் கணக்கு ஒத்துவரும், ஆனால் பெரும்பாலும் வைட்டமின் டி3 கலந்திருக்கும். மூன்று மாத்திரை போட்டால் டி3-யும் மூன்று மடங்கு. மிஞ்சினால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓடு கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு?

கேழ்வரகைப் பற்றிச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. 100 கிராம் மாவில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, தானியங்களில் அதை மிஞ்ச ஆள் இல்லை. அரிசியில் பாதியைக் கேழ்வரகாக மாற்றினால் ஓட்டுத்தூளை இரண்டரை கிராமாகக் குறைக்கலாம். அதற்காக ஓட்டையே விட்டுவிட முடியாது. முருங்கைக்கீரை ஒரு பிடி போடுவதும் அப்படித்தான், கெடுதல் இல்லை, கணக்கில் பெரிதாக ஏறாது.

கால்சியம் முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஜூலியின் பாத வெடிப்புக்கும் மங்கிய முடிக்கும் நான் சந்தேகப்படுவது துத்தநாகத்தை, அதாவது ஜிங்க்கை. 1200 கலோரி சாப்பாட்டில் 24 மில்லிகிராம் ஜிங்க் வேண்டும். உங்கள் பாத்திரத்தில் ஐந்துதான். கோழி நெஞ்சுக்கறியில் அது மிகக் குறைவு, அரிசியில் இருப்பதில் ஒரு பகுதியைத் தானியத்திலுள்ள ஃபைடேட் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியத்தை அளவில்லாமல் கொட்டினாலும் ஜிங்க் உறிஞ்சப்படாது. ஓட்டுத்தூளை ‘கொஞ்சம் கூடத்தான் போடுவோமே’ என்று போடக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணைச் சுற்றி, வாயோரம், முழங்கை, பாதம் ஆகிய இடங்களில் தோல் தடித்துப் பொருக்குத் தட்டுவதுதான் ஜிங்க் குறைவின் அடையாளம். ஆனால் சொறி, பூஞ்சை, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதே மாதிரி காட்டும். மணியோடு ஜூலியையும் கூட்டிக்கொண்டுபோய்த் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாமிரம் வேண்டியதில் கால்வாசிதான் இருக்கிறது. இதற்கு ஆட்டு ஈரல். கோழி ஈரலும் ஈரல்தானே என்று வாங்காதீர்கள், அதில் இரும்பு நிறைய உண்டு, தாமிரம் ஆட்டு ஈரலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வாரத்தில் மூன்று நாள் 25 கிராம் ஆட்டு ஈரல், கறியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. அதற்கு மேல் வேண்டாம். லேப்ரடார்களில் சிலவற்றுக்குத் தாமிரம் கல்லீரலில் தேங்கும் பரம்பரை நோய் உண்டு. இரும்புக்குச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) நல்லது, கசாப்புக் கடையில் சொல்லி வையுங்கள். கோழியையே நம்பியிராமல் வாரத்தில் ஓரிரு நாள் ஆட்டுக்கறி போட்டால் ஜிங்க்கும் ஏறும்.

அப்புறம் உப்பு. உப்பு போட்டால் முடி கொட்டும் என்பதை ஊர் ஊராகக் கேட்கிறேன். சோடியம் நாய்க்கும் வேண்டும், ஜூலிக்கு ஒரு சிட்டிகை போதும், முடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அயோடின் உப்பு போட்டாயிற்று, அயோடின் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்கு வரும் உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. ஜூலிக்கு நாளுக்கு 300 தேவை. அதற்கு 20 கிராம் உப்பைக் கொட்ட வேண்டும்! எந்த நாயும் அதைத் தின்னக் கூடாது. அயோடினுக்கும் செலினியத்துக்கும் வைட்டமின் டி-க்கும் சேர்த்து உதவுவது கடல் மீன். மத்தியை வாரம் இரண்டு நாள், 100 கிராம், குக்கரில் முள் மாவாக நசுங்கும்வரை வேகவைத்துப் போடுங்கள். அன்றைக்குக் கோழியை அதே அளவு குறைத்துவிடுங்கள், முள்ளிலேயே கால்சியம் இருப்பதால் ஓட்டுத்தூளும் முக்கால் பங்கு போதும். கருவாடு வேண்டாம், உப்பு மிஞ்சும். வெயிலில் கட்டிப்போட்டால் டி வந்துவிடும் என்பது மனிதர்களுக்குச் சரி, நாயின் தோல் போதிய அளவு டி தயாரிக்காது. அது சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஜிங்க், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் ஈ ஆகியவற்றில் பள்ளம் இருக்கும். இதில் உங்கள் குறை ஒன்றுமில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. தினம் ஒரு குறிப்பாக மாற்றி மாற்றிச் சமைத்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை. எனவே வீட்டுச் சாப்பாட்டில் கலப்பதற்கென்றே தயாரித்த நாய்களுக்கான தாது-வைட்டமின் தூள் ஒன்று வாங்கத்தான் வேண்டும்.

வாங்கும்போது முன்பக்கத்து நாய்ப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்துப் பட்டியலைப் பாருங்கள். ஜூலியின் எடைக்குச் சொல்லும் ஒரு நாள் அளவில் ஜிங்க் எவ்வளவு? ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் என்றால் அது பி வைட்டமின் டானிக், தாதுக் கலவை இல்லை. பதினைந்து இருபது என்றால் யோசிக்கலாம். தாமிரம், அயோடின், மாங்கனீஸ், செலினியம், டி, ஈ எல்லாவற்றுக்கும் எண் போட்டிருக்க வேண்டும். கால்சியமும் அதிலேயே முழுதாக இருந்தால் ஓட்டுத்தூளை நிறுத்திவிடுங்கள், தாமிரம் இருந்தால் ஈரலை வாரம் ஒரு நாளாக்குங்கள். எண்ணே இல்லாத டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணனின் தாது உப்பு மாட்டுக்கு அருமையான பொருள். நம் கால்நடைப் பல்கலைக்கழகமே மாட்டுக்கென்று தயாரித்து விற்கிறது. ஆனால் அது தீவனம் தின்று அசைபோடும் முந்நூறு நானூறு கிலோ உடம்புக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது. அதிலுள்ள தாமிரமும் மற்றவையும் ஒரு ஸ்பூனில் எவ்வளவு என்று பார்க்காமல் லேப்ரடாருக்குப் போடுவது விஷப்பரீட்சை. மணியின் தட்டுப் பக்கமே அது போகக் கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வாயும் குடலும் வெந்துவிடும்.

எலும்பு பற்றியும் கேட்பீர்கள். பிராய்லர் கடையில் மலிவாகக் கிடைக்கும் கால், கழுத்து, தலையைச் சும்மா வேகவைத்துப் போட்டால் எலும்பு ஊசிபோல் சிலும்பிக் குத்தும், இல்லையென்றால் மலம் கல்லாகி முக்கிக்கொண்டு நிற்கும். குக்கரில் வெகுநேரம் வைத்து, விரலால் நசுக்கினால் கூழாகிறது என்றால் மட்டும் போடலாம். அந்த நாட்களில் ஓட்டுத்தூள் வேண்டாம். ஜூலிக்கு வயதாகிச் சிறுநீரகக் கோளாறு வந்தால் இந்தக் கணக்கு முழுதும் மாறும், அப்போது எலும்பு அறவே கூடாது. நாய்ப் பாத்திரத்தில் நம் குழம்பை ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

ராமையன்பட்டிக்குப் போகும்போது டானிக் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள், மணிக்கு இதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். எக்ஸ்ரே அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள். மாற்றிய தீனியின் பெயரையும் மணியின் அன்றைய எடையையும் சேர்த்து எழுதினால், அவனுக்கு நாளுக்கு எத்தனை கிராம் என்று சொல்கிறேன். ஜூலியின் பாத வெடிப்பு ஜிங்க்கால் வந்ததென்றால் ஆறு வாரத்துக்குள் புதுத்தோல் தெரியத் தொடங்க வேண்டும். தெரியவில்லை என்றால் தாதுத் தூளைக் கூட்ட வேண்டாம், தோலை மறுபடி காட்டுங்கள்.